சீசனுக்கு விட்ட வீடு

பேசாமல் இருப்பதற்கென்றே ஒரு மதம் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அதில் சேர எனக்கு உடனே ஆசை வந்தது. நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். கோயில் கேன்டீனில் ஒரு தோசையை வாங்கி உட்கார்ந்து அதைப் பிய்ப்பதற்குள் நாலு பேர் சுற்றி வந்து, பையன் எந்தக் கம்பெனி, க்ரீன் கார்டு வந்துவிட்டதா, கல்யாணம் ஏன் இன்னும் தள்ளிப்போகிறது என்று கேட்டு முடித்திருப்பார்கள். கேள்விதான் கேட்பார்கள். பதிலைப் போன வாரமே வேறு யாரிடமோ வாங்கியிருப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியவள், வழியில் 'மௌன வழிபாடு, எல்லோரும் வரலாம்' என்ற பலகையைப் பார்த்துக் காரை உள்ளே திருப்பினேன். பழைய செங்கல் கட்டடம், பின்னால் கல்லறைத் தோட்டம், தோட்டத்தின் ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன வீடு. குவேக்கர்கள் என்கிற அந்தக் கிறிஸ்தவர்களோடு என் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது. தோசை போயிற்று, மற்றபடி நஷ்டம் இல்லை.

குவேக்கர்களுக்குப் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, சிலுவைகூடக் கிடையாது. மரப் பெஞ்சுகளில் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு செய்தி எழுந்தால் எழுந்து நின்று சொல்லலாம். பெரும்பாலும் யாருக்கும் எதுவும் எழாது. எழுந்தால் அது காலையில் ரேடியோவில் கேட்டதாக இருக்கும். கூட்டத்தை நடத்துகிறவருக்குப் பெயர் கிளார்க். எனக்குத் தாலுகா ஆபீஸ் நினைவு வந்தது. வேகமும் ஏறக்குறைய அதேதான்.

அந்தக் கிளார்க் ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் தரையோடு தரையாக இருக்கும். வாழ்நாள் முழுக்க ஊராரின் வாயைத் திறக்கவைத்த மனிதர், கடைசியில் வாயை மூடுகிற மதத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே யாரும் கேட்கவில்லை. நாகரிகம் என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது வருடமும் ஒருவர் வந்து, இந்தியாவில் எந்தப் பகுதி, டெல்லியா என்று கேட்டபோது அது நாகரிகம் இல்லை, அக்கறையின்மை என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் போய்க்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊராரின் வியாதியையும் வசவையும் கேட்கிறவளுக்கு ஒரு மணி நேரம் யாரும் பேசாமலிருந்தால் அதுவே மருந்து.

பேசாத கூட்டம் என்றேனே, அது வழிபாடு முடிகிற வரைதான். முடிந்ததும் காப்பி வரும், காப்பியோடு வரலாறு வரும். இந்தக் கட்டடத்தின் நிலவறையில்தான் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்து வைத்தார்களாம். போருக்குப் போக மாட்டோம் என்று சிறைக்குப் போனார்களாம். வியட்நாம் சண்டை நடந்தபோது தெருவோரத்தில் பதாகையோடு நின்றார்களாம். எல்லாம் நல்ல காரியங்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாத்தா யானை வைத்திருந்தார் என்கிறவன் வீட்டில் இன்றைக்குப் பூனையாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இவர்கள் கடைசியாகச் செய்தது, வாசலில் அமைதிக்கு ஒரு கம்பம் நட்டது. அதையும் எந்த இடத்தில் நடுவது என்று இரண்டு வருடம் பேசியிருக்கிறார்கள்.

மாடியில் ஒரு பெஞ்சு இருந்தது. மழைக்கோட்டுகளும் கிழிந்த மெத்தைகளும் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு நாள் நான் அதில் உட்காரப் போனபோது, எப்போதும் பின்னிக்கொண்டே இருக்கும் ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்து, அந்தக் காலத்தில் வழிபாட்டுக்கு வந்த கறுப்பர்களைத் தனியாக அங்கேதான் உட்காரவைத்தார்கள் என்று மெல்லச் சொன்னார். நிலவறையில் ஒளித்து வைக்கலாம், பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது. எனக்கு ஆச்சரியமே இல்லை. தனி டம்ளர் வைத்த டீக்கடையைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. நிலவறையைக் காட்ட ஆளுக்கு ஆள் டார்ச் லைட்டோடு ஓடி வருவார்கள். அந்தப் பெஞ்சைக் காட்ட ஒருவர் கிடையாது. இவரும் கையைப் பிடித்துத்தான், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

இந்த லட்சணத்தில் இருந்தவர்களிடம்தான் அந்தப் பெண்ணுக்காக நான் போய் நின்றேன்.

அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். எட்டு வயதில் ஒரு மகள். கணவன் அடித்தான். பல நாள் அடித்தான், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். என் கடைக்கு வலி மாத்திரை வாங்க வந்தவள், நான் தமிழில் பேசியதும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அதற்கு முன்பே கோயில் கமிட்டியில் ஒரு அங்கிள் அவளை உட்காரவைத்துப் பேசியிருந்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, அவன் ப்ராஜெக்ட் டென்ஷன்ல இருக்கான்" என்பது அவர் கண்டுபிடித்த வழி. அங்கிள் முதுகில் விழாத அடி, அதனால் ப்ராஜெக்ட் டென்ஷன் என்று அதற்குப் பெயர் வைக்க முடிந்தது.

நான் பிடித்துக்கொடுத்த ஒரு வக்கீல் அவளுக்கென்று தனியாக விசா கேட்டு மனுப் போட்டார். அது வருகிறபோது வரும், அதுவரை அவள் வேலைக்குப் போக முடியாது. வாடகையில்லாமல் ஒரு கூரை வேண்டும், அதுவும் மகளின் பள்ளிக்கூட எல்லைக்குள். தாயையும் மகளையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்களுடையது ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பு. குழந்தைகள் விருந்தாளியாகச் சில வாரம் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் சங்கம் அபராதம் போடும். நாய்க்கு அப்படி விதி கிடையாது. ஒரு குழந்தை நீச்சல் குளத்தில் சிரித்தால் அங்கே ஆறு ஜன்னல் திறக்கும். சங்கத்துக்காரர் இரண்டாவது முறை கதவைத் தட்டிய அன்றுதான் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன வீட்டை நினைத்தேன். காவல்காரர் இருப்பதற்காகக் கட்டியதாம். காவல்காரர் போய் வெகு காலம் ஆகிவிட்டது. அதை அவர்கள் காட்டேஜ் என்பார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குவேக்கர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு முறை கூடி உட்கார்ந்து, எல்லோருடைய மனமும் ஒன்றாகும்வரை காத்திருப்பார்கள். ஒருவர் முடியாது என்றாலும் காரியம் நின்றுவிடும். கடவுளே இறங்கி வந்து சம்மதித்தாலும் கமிட்டி சம்மதிக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது நம் ஊர். பூசாரியே இல்லாத இந்த மதத்தில் ஆளுக்கு ஆள் பூசாரி.

முதல் மாதம் நான் எழுந்து அவள் கதையைச் சொன்னேன். பின்னுகிற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அவளை ஒளியில் ஏந்தி வைப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு, உனக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று அர்த்தம். அவளுக்கு ஒளி வேண்டாம், கதவு வைத்த வீடு வேண்டும் என்றேன். அதையும் ஒளியில் ஏந்தி வைத்தார்கள். நான் சங்கத்துக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது மாதம், கூட்டம் முழுக்க அந்த வீட்டின் செப்டிக் டேங்கைப் பற்றிப் பேசினார்கள். காதில் மெஷின் மாட்டிய ஒரு பெரியவர், முன்னாள் சிவில் இன்ஜினியர், அந்தத் தொட்டி இரண்டு பேரைத் தாங்காது என்று எழுந்து நின்றார். ஒரு தாயும் எட்டு வயதுப் பிள்ளையும் எவ்வளவு போய்விடுவார்கள் என்று நினைத்தாரோ தெரியவில்லை. அதற்கப்புறம் இன்சூரன்ஸ், அதற்கப்புறம் டவுன்ஷிப் அனுமதி. தப்பி வந்த அடிமைகளை ஒளித்த காலத்தில் யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்டேன். ஆழ்ந்த மௌனம் நிலவியது. மௌனம் அவர்களுக்கு எவ்வளவு வசதியான சொத்து என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முடிவுக்கு வராத விஷயத்தை மூட்டை கட்டி வைக்க அவர்களிடம் ஒரு சொல் உண்டு: சீசன். வெட்டிய மரத்தை உடனே இழைக்காமல் காய விடுவார்கள் அல்லவா, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். விஷயமும் அப்படிக் காய வேண்டுமாம். அவர்கள் காயப்போடுவதைத் தமிழில் நாம் ஊறப்போடுவது என்போம். காய்ந்தாலும் ஊறினாலும் காரியம் நடக்கப்போவதில்லை.

மூன்றாவது மாதக் கூட்டத்தன்று, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடையில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீயே போய் உட்காரு, உன்ன நேர்ல பார்த்தாலாவது மனசு எறங்கும்" என்று அவளை அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"ஆன்ட்டி, காட்டேஜ் குடுத்துட்டாவ. நாங்க சாமானெல்லாம் கொண்டு வந்துட்டோம். சோறு வச்சிருக்கேன், வாரீங்களா?"

எனக்குக் கை ஓடவில்லை. "யார் குடுத்தது? என்ன சொன்னாங்க?"

"அந்த நெட்டையா இருக்காரே, அவரு. லெட் த காட்டேஜ் சீசன்னு சொன்னாரு. சீசனுக்கு லெட் பண்ணுதாவன்னு புரிஞ்சுக்கிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தா சம்மதம்னுதான ஆன்ட்டி? அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாவ."

கூட்டம் முடிந்தால் குவேக்கர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கொடுப்பார்கள். பஸ் வந்தால் ஏறுகிற மாதிரி, அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. கிளார்க் சொன்னதும் காட்டேஜ் விஷயம் காயட்டும் என்றுதான். ஆனால் அவளுடைய மாமா குற்றாலத்தில் காட்டேஜ் விடுகிறவர். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் ஊரே வாசலில் டு லெட் போர்டு மாட்டும். காட்டேஜ், லெட், சீசன் என்ற மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் தென்காசிக்காரிக்கு அதில் புரிய வேறென்ன இருக்கிறது? சாவி வழிபாட்டுக் கட்டடத்துச் சமையலறையில், காட்டேஜ் என்று எழுதிய ஆணியில் தொங்கும், காப்பி வாங்கப் போகிற யார் கண்ணிலும் படும். எடுத்துத் திறந்து, பெருக்கி, பால் காய்ச்சி, குக்கரும் வைத்துவிட்டாள்.

நான் போனபோது மகள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "It's so quiet here," என்றாள். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அம்மாக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "இப்போ கெளம்பணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"அவங்க சொல்லட்டும்" என்றேன். எனக்கு அதற்குள் வேறொன்று உறைத்துவிட்டது.

வெளியே அனுப்பவும் எல்லோருடைய மனமும் ஒன்றாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் செப்டிக் டேங்க் பெரியவர், இது சரியல்ல, கேட்காமல் குடியேறிவிட்டார்கள் என்றார். பின்னுகிற அம்மாள் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு, குழந்தையை வெளியே அனுப்ப என்னால் சம்மதிக்க முடியாது என்றார். ஒருவர் வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை, ஒருவர் அனுப்பச் சம்மதிக்கவில்லை. கிளார்க் இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். விஷயம் சீசன் ஆகட்டும் என்றார். அதற்கடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். கொடுக்கத் துப்பில்லாத கூட்டத்துக்குப் பிடுங்கவும் துப்பில்லை என்று நான் வீட்டில் என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. மாதா மாதம் அந்தக் கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுத்தான் வருவாள். முடிந்த பிறகு போய்த் திரும்பக் கீழே வைப்பாள்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. வக்கீலின் மனுவும் எங்கேயோ சீசன் ஆகிக்கொண்டிருந்தது. அவள் தோட்டத்தில் வெண்டைக்காய் போட்டாள். செப்டிக் டேங்குக்கு ஒரு கேடும் வரவில்லை.

பிறகு மீட்டிங் ஹவுஸ் என்று அவர்கள் சொல்லும் அந்த வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஒரு பெரிய ஆண்டு விழா வந்தது. தங்கள் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுவது என்று முடிவு செய்தார்கள். இதற்கு மட்டும் எல்லோருடைய மனமும் ஒரே கூட்டத்தில் ஒன்றானது. அச்சுக்குப் போகுமுன் எல்லோருக்கும் பிரதி கொடுத்தார்கள். நிலவறைக்கு நாலு பக்கம். மாடிப் பெஞ்சுக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில், முன்னோர்களின் வழியில் நின்று, துன்பத்தில் வந்த ஒரு தாய்க்கும் மகளுக்கும் எங்கள் காட்டேஜின் கதவைத் திறந்தோம் என்று இருந்தது. எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. திறந்தார்களாம். ஆணியில் தொங்கிய சாவியை அவள் எடுத்தாள், இவர்கள் அதைத் திரும்பத் தொங்கவிடத் தெரியாமல் நின்றார்கள். அதற்குப் பெயர் முன்னோர் வழி.

அவளும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதுல பொய் இருக்கு ஆன்ட்டி."

"இருந்துட்டுப் போகட்டும். அச்சுல வந்துடுச்சுன்னா உன்ன யாரும் வெளிய அனுப்ப முடியாது. நாங்க குடுத்தோம்னு அவங்களே எழுதிட்டாங்க இல்ல? புரியுதா? வாய மூடிட்டு உட்காரு. மூடிட்டு உட்கார்றதுதானே இங்க பூஜையே."

நான் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கு அந்த வீட்டின் மேல் எந்த உரிமையும் கிடையாது, அந்த ஒரு வாக்கியம்தான் பட்டா. பொய்ப் பட்டாதான், ஆனால் நம் பெயரில் இருக்கிற பொய்ப் பட்டாவை யாராவது கிழிப்பார்களா? அவள் பதில் சொல்லவில்லை. சரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நானும்தானே நினைத்து வளர்ந்தவள்.

அந்த மாதக் கூட்டத்தில் கிளார்க் கடைசிப் பக்கத்தை வாசித்தார். வாசிக்கும்போது தாழ்ந்த குரல் இன்னும் கொஞ்சம் குழைந்தது. முடித்துவிட்டு, நண்பர்களுக்குச் சம்மதமா என்று கேட்டார், ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். சம்மதம் என்றால் அப்ரூவ் என்று முணுமுணுப்பார்கள். பெஞ்சு பெஞ்சாக அப்ரூவ், அப்ரூவ் என்று வந்தது. சிலர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் எழுந்தாள். நான் புடவை முந்தானையை இழுக்கலாம் என்றால் அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள்.

அவளுடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வரும். அன்றைக்கு ஒவ்வொன்றும் நின்று நின்று வந்தது.

"நீங்கள் கொடுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லை. நான் தவறாக உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் என்னை வெளியே அனுப்பவில்லை. அது உண்மை. அதை எழுதுங்கள். இது வேண்டாம்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். பைத்தியக்காரி, கட்டிலின் மேல் இருக்கிற பெட்டியை இன்று தூக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். கோபம் அவள் மேலா அவர்கள் மேலா என்று எனக்கே தெரியவில்லை. பின்னுகிற அம்மாள் பின்னுவதை நிறுத்தி மாடிப் பெஞ்சின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. எழுந்தவர் செப்டிக் டேங்க் பெரியவர். காதிலிருந்த மெஷினை ஒரு முறை தட்டிச் சரிசெய்துகொண்டார். "இந்தத் தோழி என் மனதில் இருப்பதைப் பேசினார்" என்றார். அவர்கள் வழக்கத்தில் ஒருவரை முழுமையாக ஒத்துக்கொள்கிறபோது சொல்கிற வாக்கியம் அது. "நாம் கொடுக்கவில்லை. குறிப்பாக நான் கொடுக்கவில்லை." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் இத்தனை வருடத்தில் உள்ளிருந்து எழுந்து நான் கேட்ட ஒரே செய்தி அதுதான். அதுவும் நான் மனதார வெறுத்த ஆளிடமிருந்து வந்தது.

கிளார்க் கையிலிருந்த தாளைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார். அப்ரூவ் சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அந்தப் பக்கத்தை அப்படியே விடவும் முடியவில்லை, அவள் சொன்ன மாதிரி எழுதவும் மனம் வரவில்லை. மனிதர் பாவம், இருபது வருடமாக எதற்கும் சொல்லி வந்த ஒன்றைத்தான் அன்றைக்கும் சொன்னார்.

"லெட் இட் சீசன்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"அப்போ இந்த சீசனும் நமக்குத்தான் ஆன்ட்டி."